கோர்செட்டுக்குள் நான் வைத்த மரம்

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தால், யாராவது ஒரு அம்மா தன் புருஷனை முழங்கையால் இடித்துச் சொல்லும்: "பாருங்க, அண்ணன் பொண்டாட்டிய எப்படிக் கைப்பிடிச்சு இறக்கி விடறாரு. கத்துக்குங்க லா."

நான் சிரிப்பேன். பக்கத்தில் என் மனைவியும் சிரிப்பாள். பாராட்டு என்றால் எனக்குப் பிடிக்கும், அதை நான் மறைக்கிறதில்லை. ஆனால் இந்த ஒரு பாராட்டு மட்டும் தொண்டையைத் தாண்டி இறங்க மாட்டேன் என்கிறது. அதன் காரணம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி சொல்ல மாட்டாள். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு போதும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பதினான்கு வயதில் மூவாருக்கு வந்து ஒரு சீனத் தௌக்கே முதலாளியின் நாற்காலிப் பட்டறையில் உப்புத்தாள் தேய்த்தேன். இன்றைக்கு என் பெயரிலேயே பட்டறை இருக்கிறது, இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அப்பா பால் வெட்டின அதே ரப்பர் மரத்தில் நான் நாற்காலி செய்து கப்பல் ஏற்றுகிறேன். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் இங்கிலீஷ்காரன் ஒருவன் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மனசில்லாமல் பேசிக்கொண்டே இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கண் என்றால் என் கண்தான் கண். பலகையைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நான் நடந்ததாக யாரும் சொல்ல முடியாது. விரல் நுனியில் உணர்ச்சி செத்துப் பல வருஷமாகிறது. தேய்த்துத் தேய்த்து, பெயிண்டுத் தின்னரில் ஊறி ஊறி மரத்துவிட்டது. அந்த வேலையையும் சேர்த்துக் கண்தான் பார்க்கிறது.

என் மனைவி என்னைவிடப் படித்தவள், ஐந்தாம் படிவம் வரை, அதாவது பள்ளிப் படிப்பை முடித்தவள். எங்கள் கோயில் தமிழ்ப் பூசையில் பதிலுரைப் பாடல் அவள்தான் பாடுவாள். பிள்ளைகள் பிறந்த வாரங்களைத் தவிர இத்தனை வருஷத்தில் அவள் விட்டதில்லை. அடியின் கடைசி வரியை நீளமாக இழுத்து ஒரே மூச்சில் முடிப்பாள். எனக்குப் பாட்டு தெரியாது. ஆனால் அது நல்ல வேலை என்று தெரியும். நல்ல தச்சன் செய்த சாமானில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடினாலும் கிடைக்காது. அவள் பாடுவது அப்படி இருக்கும். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, நானே செய்துவைத்த சாமான் மாதிரி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் ஒரு காலையில் சமையலறையில் காஸ் தோங், அதாவது சிலிண்டர், தீர்ந்துபோனது. "புது தோங்க மாத்திக் குடுங்க" என்று கூப்பிட்டாள். நான் போனில் இருந்தேன். ஒரு ஆளிடம் என் நாற்காலியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இதோ, ரெண்டு நிமிஷம்" என்றேன். அவள் இருபது நிமிஷம் பார்த்துவிட்டு, தானே அந்த காஸ் தோங்கை இழுத்துத் தூக்கியிருக்கிறாள். சத்தம் கேட்டு நான் ஓடினபோது அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்த நிலையில் நின்றாள். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

முதுகெலும்பில் ஒரு கண்ணி அமுங்கிவிட்டது என்றார் டாக்டர். வயதான பெண்களுக்கு எலும்பு மெலிந்துவிடும், இது நடக்கிறதுதான், ஆபரேஷன் வேண்டாம் என்றார். எட்டு வாரம் கோர்செட் போட வேண்டும். அதாவது நெஞ்சுக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும் சுற்றி, முன்னால் வெல்க்ரோ ஒட்டிக் கட்டுகிற கெட்டியான துணிப்பட்டை. முதுகுப் பக்கம் நாலு மெல்லிய கம்பி வைத்துத் தைத்திருக்கும்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "டாக்டர், நின்னு பாடலாமா?"

"வலி தாங்குற அளவுக்கு வந்ததும் தாராளமா பாடுங்க. கோர்செட்டப் போட்டுக்கிட்டு நில்லுங்க. நெஞ்சு நெறைய மூச்சு வாங்கறது உங்களுக்கு நல்லதுதான்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் படுக்கையில் கிடந்தாள்.

கோர்செட் அளவு எடுக்கிற அறையில் இருந்தது பத்து பாகாட் என்கிற ஊர்க்காரத் தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும். மூன்று இடத்தில் அளந்தாள். மார்புக்குக் கீழே, இடுப்பில், இடுப்பெலும்புக்கு மேலே. "ஆண்ட்டி, வயித்த உள்ள இழுக்காதீங்க. சாதாரணமா மூச்சு விடுங்க" என்று சொல்லி நாடாவை இடுப்பில் சுற்றினாள். நாடா முழுக்கச் சுற்றி வருவதற்கு முன்னாலேயே நான் சொன்னேன்: "முப்பத்து மூணரை இஞ்சு."

அவள் நாடாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அலாமாக்! அங்கிள், என் வேலைக்கு உலை வச்சிருவீங்க போலருக்கே."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அதற்கப்புறம் அவள் சொன்னது எதுவும் என் காதுக்குள் போகவில்லை. அவள் என் மனைவியைப் பக்கவாட்டில் புரட்டிப் பட்டையைப் போடுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த அறையின் மேசையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கால் குட்டை. "யாரும்மா செஞ்சது இத? என் பட்டறையில இப்படிச் செஞ்சா அன்னிக்கே வீட்டுக்குப் போயிருவான்" என்று சொல்லி, கையில் கிடைத்த ஒரு தாளை நாலாக மடித்துக் காலுக்கடியில் சொருகினேன். மேசை அசையாமல் நின்றது.

"அங்கிள், அது ஆண்ட்டிக்குக் குடுத்த தாளு. எப்படிப் போடணும், எப்பக் கழட்டணும்னு எல்லாம் அதுல இருக்கு."

"தாளு எதுக்கும்மா? எல்லாம் மண்டையில ஏறிருச்சு" என்றேன். அவள் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை, அந்த மேசைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அந்தக் கோர்செட்டை எடுத்துச் சாமான் பார்க்கிற மாதிரி பார்த்தேன். முதுகுக் கம்பியை இரண்டு விரலால் வளைத்தேன், வளைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இதுவா ஒரு முதுகைத் தாங்கப் போகிறது? நாலு கம்பியையும் உருவி எடுத்துவிட்டேன். பட்டறைக்குப் போய் நல்ல காய்ந்த மரமாகப் பார்த்து, இரண்டு விரல் அகலத்தில் நாலு சட்டம் அறுத்து, மெல்லிசாக இழைத்து, முனையை உருட்டி, மூன்று தடவை உப்புத்தாள் போட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. நாலும் நூல் பிடித்த மாதிரி நேர். கம்பி இருந்த பையைப் பிரித்து அதற்குள் சொருகி, மனைவியையே தைக்கச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு, கம்பி வளையணும்னுதான் அப்படி வச்சிருக்குன்னு சொன்னாங்க" என்றாள் அவள்.

"அவ துணி தைக்கிறவ. நான் முதுகு சாயற சாமான நாப்பது வருஷமா செஞ்சுக்கிட்டிருக்கிறவன். யாரு பேச்சக் கேக்கப் போற?"

"படுக்கும்போது கழட்டச் சொன்னாங்க."

"ஒட்டுப் போட்டுப் பசை தடவி கிளாம்ப் மாட்டினா, பசை காயறதுக்குள்ள எவனாவது கழட்டுவானா? எலும்பும் ஒட்டுத்தான். இறுக்கிக் கட்டுனாத்தான் ஒட்டும்."

இந்த வார்த்தைகளை நான் அப்படியே சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். கோப்பிக் கடையில் உட்கார்ந்து இன்னும் நாலு பேருக்கும் சொன்னேன். அதிலே ஒருத்தர், "நீங்க ஆஸ்பத்திரியிலேயே பொறந்திருக்கணும்" என்றார். நான் அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் சட்டைக்கு மேல் அதைச் சுற்றி, என் பலம் கொண்டமட்டும் இழுத்து ஒட்டுவேன். குளிக்க மட்டும் பத்து நிமிஷம் கழட்ட அனுமதி. சாப்பிடும்போதும் கட்டு, படுக்கும்போதும் கட்டு. முதல் இரண்டு நாள் "வலி குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். உண்மையிலேயே குறைந்திருக்கலாம். எனக்காகவும் சொல்லியிருக்கலாம். பார்ப்பதற்குக் கம்பம் மாதிரி நேராக உட்கார்ந்தாள். பார்க்க வந்தவர்களிடம், "உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?" என்று அவள் முதுகைத் தட்டிக் காட்டுவேன். டொக் டொக் என்று சத்தம் வரும். எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்த நாட்களில் சாப்பாடு குறைந்துபோனது. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்பாள். மருந்து செய்கிற வேலை என்று நினைத்தேன். கொடியில் கைக்குட்டைகள் காய்ந்தன. என்னுடைய கைக்குட்டைகள்தான், தினமும் மூன்று, நாலு. துவைத்தும் போகாத மஞ்சள் கறை அதில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொன்னால் பொய். கொடிக்கடியில் குனிந்துதான் பட்டறைக்குப் போவேன், அவை என் முகத்தில் உரசின. கையால் ஒதுக்கிவிட்டுப் போனேன்.

நாலாவது வாரம், "இந்த ஞாயித்துக்கிழமை பாடறேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வாரம் சொன்னார்கள், நான் கட்டியதில் நாலே வாரத்தில் எழுந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அன்று காலை கோயிலில் நிற்க வேண்டுமே என்று வழக்கத்தைவிட இன்னும் ஒரு இழு இழுத்துக் கட்டினேன். "இவ்வளவு வேணாங்க" என்றாள். "பலமா நிக்கணும்ல" என்றேன்.

முதல் வாசகம் முடிந்தது. மெதுவாக நடந்து போய் மைக் முன்னால் நின்றாள். முதல் அடி வந்தது, குரல் சன்னமாக இருந்தது. இரண்டாவது அடியில் அந்த நீளமான கடைசி வரி. பாதியில் நின்றுவிட்டது. தாளம் தப்பவில்லை, வார்த்தை மறக்கவில்லை. காற்று இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தோளைத் தூக்கி மூச்சை இழுக்கப் பார்த்தாள். தோள்தான் உயர்ந்தது, நெஞ்சு விரியவில்லை. நெஞ்சு விரிய இடம் எங்கே இருக்கிறது? நான்தான் கட்டியிருந்தேனே.

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த நிமிஷத்தில் எல்லாமே தெரிந்துவிட்டது. கொடியில் காய்ந்த கைக்குட்டை உள்பட.

ஆர்கன் வாசிக்கிறவர் மீதியைத் தானே பாடி முடித்தார். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவள் அவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "ஒண்ணுமில்ல, காலையில சாப்பிட்டது வாயு பிடிச்சிருச்சு."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பத்து பாகாட்காரப் பெண் பட்டையைத் தொட்டதுமே கையை இழுத்துக்கொண்டாள். தட்டிப் பார்த்தாள். டொக் என்றது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பட்டையை அவிழ்த்து, சட்டையைத் தூக்கினாள். சட்டைக்குள் இரண்டு பக்கமும் கைக்குட்டை மடித்து வைத்திருந்தது. அதை எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. கீழ் விலாவில் இரண்டு இடம், முதுகு நடுவில் எலும்பு துருத்துகிற இடத்தில் ஒன்று. ஐம்பது காசு அகலத்துக்குப் புண். மனுஷ முதுகு நேர்ப்பலகை இல்லை. நாற்காலி செய்கிற எனக்கு அது தெரியாதா? நாற்காலிச் சாய்மானத்தை வளைத்துச் செய்வதற்கே ஆள் வைத்திருக்கிறவன் நான்.

"யாரு இத மாத்துனது?" என்றாள் அந்தப் பெண். கத்தவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி, குப்புறப் படுத்தபடியே சொன்னாள்: "நான்தாம்மா கேட்டேன். துணி ரொம்ப மெத்துன்னு இருந்த மாதிரி இருந்துச்சு. இவருகிட்ட சொல்லி வைக்கச் சொன்னேன்."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். மரம் வைத்தது தெரியாமல் செய்த தப்பு என்று யாராவது மன்னிக்கலாம். வாயை மூடிக்கொண்டது தெரிந்தே செய்தது.

அந்தப் பெண் மறுபடி நாடாவை எடுத்தாள். என்னைக் கேலி செய்வதற்காக இல்லை என்று நினைக்கிறேன், "சொல்லுங்க அங்கிள், எத்தனை?" என்றாள்.

"முப்பத்து மூணரை."

"முப்பத்தொண்ணரை."

நாலு வாரத்தில் இரண்டு இஞ்சு இளைத்திருக்கிறாள். தினமும் என் கையாலேயே கட்டியிருக்கிறேன். என் கண் அதைப் பார்க்கவில்லை.

புண் ஆறுகிற வரைக்கும் கோர்செட் கூடாது, படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். பிறகு சின்ன அளவில் புதிதாக ஒன்று, வளைகிற கம்பியோடு. கிளம்பும்போது அந்தப் பெண் குனிந்து, மேசைக் காலுக்கடியில் இருந்த தாளை உருவினாள். அதே தாள். நாலு மடிப்பும் அழுக்கேறி அங்கேயே இருந்தது. அதைப் பிரித்து நீவி என் கையில் கொடுத்தாள். மேசை மறுபடி ஆடியது.

அந்தத் தாளை என் மனைவி எனக்கு வாசித்துக் காட்டினாள். அது மலாயில் இருந்தது. மலாய் எனக்குப் பேச வரும், வாசிக்கத் தடுமாறும். இப்போது அது எனக்கு மனப்பாடம். படுத்தபடியே போட வேண்டும். கீழே மெல்லிய பருத்திச் சட்டை, சுருக்கம் இல்லாமல், தையல் முதுகில் படாமல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் புரளும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகப் புரள வேண்டும், முறுக்கக் கூடாது. கீழ்ப் பட்டையை முதலில் ஒட்டி, அப்புறம்தான் மேல் பட்டை. உட்கார்ந்தால் தொடையில் குத்தக் கூடாது. நெஞ்சு நிறைய மூச்சு வாங்க முடிய வேண்டும். படுக்கப் போனால் கழட்ட வேண்டும். கழட்டியதும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு அரைமணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் பட்டை அழுத்துகிறது, ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டும். எட்டு வாரத்துக்கு மேல் அதையே நம்பிக்கொண்டிருந்தால் முதுகுச் சதை சோம்பேறியாகிவிடும்.

பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடம் வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. புது கோர்செட் போட்ட முதல் நாள் நான் என் விரலை நுழைத்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்றேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"உங்க விரலுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க திணிச்சா எதுலயும் போகும். என் விரல வைங்க."

அன்றிலிருந்து நான் பட்டையைப் பிடித்துக்கொள்வேன், அவள் தன் இரண்டு விரலை உள்ளே வைத்துக்கொள்வாள். "இன்னும் கொஞ்சம்... போதும்" என்பாள். போதும் என்றால் நிறுத்துவேன். அவ்வளவுதான் வேலை. நான் பழகின வேலைகளில் இதுதான் கஷ்டமானது. மாலையில் கழட்டியதும் அவள் முதுகைப் பார்ப்பேன். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அந்த முதுகை வெளிச்சத்தில் நான் உட்கார்ந்து பார்த்ததே அப்போதுதான். புண் ஆறிவிட்டது. மூன்று இடத்திலும் பழுப்பாக மூன்று தழும்பு நிற்கிறது.

ஒரு நாள் கேட்டேன். "அன்னிக்கி ஆஸ்பத்திரியில ஏன் அப்படிச் சொன்ன?"

"உங்க மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது."

"வலிக்குதுன்னு முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல? கைக்குட்டை வச்சுக்கிட்டு..."

அவள் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "நீங்க செஞ்ச சாமான்ல குறைன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லங்க. மொதல்ல நானா சொல்றது?"

மன்னிப்புக் கேட்டேனா என்றால், அன்றைக்கு மதியம் நான் சோறு வடித்தேன். காஸ் தோங் தீருவதற்கு முன்னாலேயே மாற்றி வைக்கிறேன். இதெல்லாம் மன்னிப்பு இல்லை என்று எனக்கும் தெரியும்.

மூன்று மாதம் கழித்து, கோர்செட்டை முழுசாக விட்ட பிறகு, அவள் மறுபடி பாடினாள். நான் இரண்டாவது வரிசையில் உட்காரவில்லை, கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். குரல் அப்படியே இருந்தது. முதல் அடி சுத்தமாக வந்தது. இரண்டாவது அடியில் அந்த நீளமான வரி வந்தபோது என் கை முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அவள் பாதி வரியில் நிறுத்தி, மெதுவாக ஒரு மூச்சு வாங்கி, மீதியைப் பாடி முடித்தாள். முன்பெல்லாம் அந்த இடத்தில் அவள் மூச்சு வாங்க மாட்டாள்.

"இப்படி நிறுத்திப் பாடறது இன்னும் அழகா இருக்கு அக்கா" என்று வாசலில் ஒரு பெண் சொன்னாள். "வயசாச்சுல்ல" என்றாள் இவள் சிரித்துக்கொண்டே. எலும்பு அமுங்கினதால் உயரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதனால் மூச்சும் குறையலாம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வரி வருகிறது, அந்த இடத்தில் அவள் நிற்கிறாள், எல்லாரும் கண்ணை மூடிக் கேட்கிறார்கள். எனக்கு மட்டும் அங்கே ஒட்டு தெரிகிறது.